20 நிமிடச் சோதனையில் வந்த எஃப்டிபியை வைத்து 2×20 இன்டர்வெலை ஏன் முடிக்க முடியவில்லை?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: சைக்கிளின் இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் போட்டு மூன்று மாதம் ஆகிறது. பத்து நிமிடம் வார்ம் அப் செய்துவிட்டு 20 நிமிடம் முழு வேகத்தில் மிதித்தீர்கள், சராசரி 263 வாட். 0.95 ஆல் பெருக்கி எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்) 250 என்று வைத்துக்கொண்டீர்கள். இப்போது 250 வாட்டில் 2×20, அதாவது நடுவில் இளைப்பாறி இருபது நிமிடம் இரண்டு முறை, செய்தால் இரண்டாவது இருபதில் பாதியிலேயே கால் நின்றுவிடுகிறது. ஆப்பில் ஃபிட்னஸ் எண்ணும் 50க்கு மேல் ஏறவில்லை. போதாததற்கு ஒரு சவாரியில் ஒரு நொடி மட்டும் 1,940 வாட் என்று காட்டியிருக்கிறது. "எனக்கு மன உறுதி போதவில்லையா?"

மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் எஃப்டிபி 250 கிடையாது, அவ்வளவுதான்.

அந்த 95 சதவீதக் கணக்கு எங்கிருந்தோ தனியாக வந்ததல்ல, ஒரு முழுச் சோதனை முறையின் கடைசி வரி அது. அந்த முறையில் வார்ம் அப்புக்குப் பிறகு கேடன்ஸை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்பதை) ஏற்றி ஒரு நிமிட மிதிப்புகள் மூன்று, பிறகு 5 நிமிடம் முழு மூச்சாக ஒரு மிதிப்பு, 10 நிமிடம் இளைப்பாறல், அதன் பிறகுதான் 20 நிமிடம். நடுவில் வரும் அந்த 5 நிமிடம் சும்மா வைத்ததில்லை. கையிருப்பில் இருக்கும் காற்றில்லா ஆற்றலை (ஆக்சிஜன் துணையின்றிக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைப்பதை) கரைத்துவிட்டு, மிச்சமிருப்பதை அளக்கத்தான் வைத்தார்கள். இணையத்தில் சோதனையைச் சொல்லித் தருகிற முக்கால்வாசிப் பேர் அதை வெட்டிவிட்டு, 0.95ஐ மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். (5 நிமிடம் இல்லாமலே எனக்கு 95 சரியாக வருகிறதே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: வரும். நீண்ட தூரம் சீராக ஓட்டிப் பழகிய, ஸ்பிரின்ட் பலம் குறைந்த உடம்புக்கு வரும். கேள்வி கேட்டவருக்கு வரவில்லை.)

ரேம்ப் சோதனைக்கு மாறலாமா என்றால், அதிலும் இதே குழிதான். நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறி, கடைசியில் தாக்குப்பிடித்த சிறந்த ஒரு நிமிடத்தின் 75 சதவீதத்தை எடுப்பார்கள். கையிருப்பு அதிகம் உள்ளவர் கடைசி இரண்டு படிகளை அதை வைத்தே ஏறிவிடுவார். எண் இன்னும் வீங்கும்.

இரண்டு தனித்தனிச் சோதனை செய்யுங்கள்: 3 நிமிடம் ஒன்று, 12 நிமிடம் ஒன்று. வெவ்வேறு நாளில் செய்தால் நல்லது. ஒரே நாளில்தான் முடியும் என்றால் நடுவில் குறைந்தது அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். வாட்டை நொடியால் பெருக்கினால் ஜூல். உதாரணமாக ஒருவர் 3 நிமிடத்துக்கு 370 வாட், 12 நிமிடத்துக்கு 275 வாட் செய்கிறார் என்று வையுங்கள். முதலாவது 66,600 ஜூல், இரண்டாவது 1,98,000 ஜூல். வித்தியாசம் 1,31,400. அதை நேர வித்தியாசமான 540 நொடியால் வகுத்தால் 243 வாட். இதுதான் அவருடைய கிரிட்டிக்கல் பவர், அதாவது கையிருப்பைத் தொடாமல் மிதிக்கக்கூடிய உச்ச வாட். 3 நிமிட வேலையிலிருந்து 243 வாட்டுக்கான பங்கைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 22,800 ஜூல். டபிள்யூ பிரைம் என்று சொல்கிற கையிருப்பு அது.

இந்த ஆளை 20 நிமிடச் சோதனையில் ஏற்றினால் என்ன வரும்? 22,800 ஜூலை 1,200 நொடிக்குப் பரப்பினால் 19 வாட். 243 உடன் கூட்டினால் 262. உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். அதாவது 263 காட்டியதில் 19 வாட் கடன் வாங்கிய வாட். 0.95 உங்களுக்குக் கழித்தது 13 மட்டுமே. போதாக்குறைக்கு, இந்த இரண்டு எண் கணக்கு ஏறக்குறைய 2 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் வரைதான் நம்பத்தக்கது. ஒரு மணி நேரத்துக்கு நீட்டினால் உண்மையைவிட அதிகமாகவே சொல்லும். ஆகவே பயிற்சிக்கு 243ஐயும் அப்படியே எடுக்காதீர்கள், 235இல் ஆரம்பியுங்கள். 235ஐ வைத்துப் பார்த்தால் நீங்கள் இத்தனை நாள் மல்லுக்கட்டிய 250 என்பது 106 சதவீதம். பயிற்சி ஆய்வாளர் ஆண்ட்ரூ காகன் எஃப்டிபியின் சதவீதத்தை வைத்து வகுத்த ஏழு பயிற்சி மண்டலங்களில் அது ஐந்தாவதன் வாசல். அங்கே நாற்பது நிமிடம் நிற்க முடியவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

இந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம். 3 நிமிடத்தில் 10 வாட் தப்பினால் விடையில் 3 வாட்தான் மாறும். 12 நிமிடத்தில் 10 வாட் தப்பினால் 13 வாட் மாறும். ஆகவே 12 நிமிடத்தில்தான் கவனம் வேண்டும்: முதல் இரண்டு நிமிடம் கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று நிமிடச் சோதனைக்கு அப்படியெல்லாம் யோசிக்க வேண்டாம்.

அடுத்து மீட்டர். எண்ணை நம்புவதற்கு முன்னால் அது எண்ணா என்று பார்க்க வேண்டும். கிராங்கின் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் உலோகம் நுண்ணளவு வளைவதைத்தான் அளக்கிறது. வெப்பநிலை மாறினால் உலோகமும் மாறும், சுழி (பூஜ்ஜியம்) நகரும். சைக்கிளை ஓட்டப்போகும் இடத்தில் 15, 20 நிமிடம் நிறுத்திவைத்து, இடது கிராங்க் நேர் கீழே தொங்க, பெடலில் காலோ கையோ படாமல் சுழித்திருத்தம் செய்யுங்கள். வரும் எண்ணை எழுதி வையுங்கள். எண் தினமும் கொஞ்சம் நகர்வது சகஜம். வெப்பநிலை மாறாத நாளில் திடீரென்று தாவினால் கிராங்க் போல்ட்டின் இறுக்கத்தையும் காயின் பேட்டரியின் தொடுமுனையையும் பாருங்கள். பேட்டரி மூடிக்குள் ஈரம் போயிருந்தால் வாட் விட்டு விட்டு வரும்.

இடது பக்க மீட்டர் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறது. உங்கள் இடது கால் 48 சதவீதம் தருகிறது என்றால், உண்மையில் 250 மிதிக்கும்போது திரையில் 240 வரும். அது மட்டும் என்றால் குற்றமில்லை. எப்போதும் அதே அளவு குறைத்துக் காட்டினால் பயிற்சிக்குப் போதும். சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, பலருக்கு இந்தப் பங்கீடு களைப்பிலும் அதிக வாட்டிலும் மாறும். இரண்டு, வீட்டில் ஸ்மார்ட் ட்ரெய்னரின் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவியின்) எண்ணில் சோதனை, வெளியில் கிராங்க் எண்ணில் இன்டர்வெல் என்றால் இரண்டும் வேறு அளவுகோல். ட்ரெய்னர் செயினுக்கு அப்பால், பின்னால் அளக்கிறது. செயினில் 2 முதல் 4 சதவீதம் வரை போய்விடும், எனவே நியாயமாக அது கிராங்கைவிடக் குறைவாகக் காட்ட வேண்டும். அதிகமாகக் காட்டினால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, அல்லது உங்கள் இடது கால் சோம்பேறி. எதுவானாலும், சோதனை எதில் செய்தீர்களோ பயிற்சியையும் அதில் செய்யுங்கள். ட்ரெய்னரை கிராங்க் மீட்டரின் எண்ணுக்கு இணங்க வைக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

எர்க் மோடில் (ட்ரெய்னரே வாட்டை நிலையாகப் பிடித்துவைக்கும் முறையில்) செய்கிறீர்களா என்று சொல்லவில்லை. செய்தால்: களைப்பில் கேடன்ஸ் விழும், அதே வாட்டைக் காக்க ட்ரெய்னர் இறுக்கும், கேடன்ஸ் இன்னும் விழும், கடைசியில் பெடல் சுவராகிவிடும். கேடன்ஸ் 80க்குக் கீழே சரியத் தொடங்கும்போதே எர்க்கை அணைத்து, இலேசான கியரில் மீண்டு வாருங்கள்.

இனி ஃபிட்னஸ் எண். அது ஃபிட்னஸ் அல்ல. ஒவ்வொரு சவாரிக்கும் டிஎஸ்எஸ் என்று ஒரு சுமை எண் வருகிறது: மணி × இன்டென்சிட்டி ஃபேக்டரின் வர்க்கம் × 100. இன்டென்சிட்டி ஃபேக்டர் என்பது நார்மலைஸ்டு பவரை (அதிக வாட்டுக்கு அதிக எடை கொடுத்த சராசரியை) எஃப்டிபியால் வகுத்தது. நார்மலைஸ்டு பவர் 180இல் இரண்டு மணி நேரம் ஓட்டினால், எஃப்டிபி 250 என்றால் சுமை 104, 235 என்றால் 117. எஃப்டிபி வீங்கினால் நீங்கள் பட்ட பாடு காகிதத்தில் குறைகிறது, ஆப் "இன்னும் செய்" என்கிறது. அந்தச் சுமைகளின் 42 நாள் எடையிட்ட சராசரிதான் நீங்கள் பார்க்கும் எண். 1975இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எரிக் பானிஸ்டரும் சகாக்களும் முன்வைத்த பயிற்சிச் சுமை மாதிரியின் எளிய வாரிசு அது.

வாரம் 350 டிஎஸ்எஸ் செய்கிறவருக்கு நாள் சராசரி 50. மூன்று மாதம் அதையே செய்தால் எண் 50ஐ நெருங்கி நின்றுவிடும். கணக்கு அப்படி, உடம்பு தேங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அதை வாரத்துக்கு 5 ஏற்ற ஆசைப்பட்டால் 350லிருந்து ஏறக்குறைய 575க்குத் தாவ வேண்டும். முழங்கால் போகும். 2 ஏற்ற 440 போதும். அதையும் இரண்டு மூன்று வாரம் செய்துவிட்டு, ஒரு வாரம் சுமையை நாற்பது சதவீதம் குறையுங்கள். அந்த வாரம் எண் இறங்கும், இறங்கட்டும்.

வாரத்தில் கடினமான நாள் இரண்டு போதும். ஒன்றில் 3×12 நிமிடம், 223 முதல் 235 வாட், நடுவில் 5 நிமிடம் இளைப்பாறல். மூன்றும் சமமாக முடிந்தால் அடுத்த முறை வாட்டை ஏற்றாதீர்கள், நேரத்தை ஏற்றுங்கள்: 3×15, பிறகு 2×20, பிறகு 2×25. இன்னொரு நாள் 5×4 நிமிடம், 255 முதல் 265. கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அன்றைக்கு அத்தோடு வீட்டுக்குப் போகலாம். திரையில் 3 நொடிச் சராசரியும் லேப் (அந்தச் சுற்றின்) சராசரியும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் லேப் சராசரி குறைகிறதே என்று கடைசி ஒரு நிமிடத்தில் 300 மிதித்து ஈடுகட்டுவது வேறு பயிற்சி. எண் சமமாகும், வேலை சமமாகாது.

மீதி நாட்கள் 145 முதல் 165. இங்கே வாட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், இதயத் துடிப்பையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மணி நேரச் சவாரியின் முதல் பாதியில் 160 வாட்டுக்கு 130 துடிப்பு, இரண்டாம் பாதியில் அதே வாட்டுக்கு 138 என்றால் நழுவல் (ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் வாட் குறைந்த அளவு) 5.8 சதவீதம். 5க்குக் கீழே வரும் வரை அந்த வாட்டும் அந்த நேரமும் உங்களுக்கு இன்னும் "இலேசு" ஆகவில்லை. வெயிலும் தண்ணீர்க் குறைவும்கூட இதே நழுவலைத் தரும், அன்றைய எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கேட்காததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நார்மலைஸ்டு பவர், டிஎஸ்எஸ் போன்ற பெயர்கள் ஒரு நிறுவனத்தின் வர்த்தக முத்திரைகள். அதனால் மற்ற மென்பொருள்கள் அதே மாதிரியான எண்ணை "எடையிட்ட சராசரி", "சுமை" என்று ஆளுக்கொரு பெயரில், சூத்திரத்தையும் சற்றே மாற்றிக் காட்டுகின்றன. மூன்று ஆப்பில் ஒரே சவாரி மூன்று எண் காட்டும். புதிதாக வருகிறவர் தன் மீட்டர் பழுது என்று நினைத்து வாரக்கணக்கில் அல்லாடுகிறார். இதற்கு மீட்டர் என்ன செய்யும்? ஒரு ஆப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். எடைக்கு இத்தனை வாட் என்று படம் போட்டுப் பெருமை பேசுகிறவர்களிடம் எந்தச் சோதனை, எந்த மீட்டர் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

கடைசியாக உங்கள் 1,940 வாட் உச்சம். உங்கள் 5 நொடிச் சிறந்த சராசரி 700 சொச்சம்தான் என்கிறீர்கள். ஆக ஒரு நொடி மட்டும் 1,940 வந்தது சிக்னல் கோளாறு. நார்மலைஸ்டு பவர் 30 நொடி நகரும் சராசரியை நான்காம் அடுக்குக்கு ஏற்றி, சராசரி எடுத்து, நான்காம் மூலம் காண்கிறது. அரை மணி 100, அரை மணி 300 ஓட்டினால் சராசரி 200, நார்மலைஸ்டு 253. 180 வாட் சவாரியில் அந்த ஒரு நொடி, தன்னைச் சுற்றிய 30 நொடிச் சராசரியை ஏறக்குறைய 59 வாட் தூக்கிவிடும். நீண்ட சவாரியில் கரைந்துபோகும், குட்டிச் சவாரியிலும் உச்சப் பட்டியலிலும் நிற்கும். கோப்பில் அந்த நொடியை மட்டும் திருத்திவிட்டுச் சேமியுங்கள், பதிவு இடைவெளியை "ஸ்மார்ட்" என்பதிலிருந்து ஒரு நொடிக்கு மாற்றுங்கள், சராசரி வாட்டில் சுழிகளை (மிதிக்காத நொடிகளை) சேர்க்கும்படி வையுங்கள். கேடன்ஸ் சராசரிக்குச் சுழி வேண்டாம்.