வேலைக்கு அப்பால்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

2001-இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வு கொடுத்த சமயத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியே வந்தோம். அப்போது எனக்கு 47 வயது, கிளை மேலாளர். பிறகு கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டு தஞ்சாவூர் வட்டாரக் கோயில்களில் அலைந்துகொண்டிருக்கிறேன். இதைப் பற்றிப் பேசப்போய், வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: வயது 34, மென்பொருள் வேலை. சம்பளம் இரண்டு மடங்காகிவிட்டது, வீடும் வாங்கியாயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மனம் வெறிச்சோடிப் போகிறது. ஏன்?

முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள் தம்பி. வெறுமை என்று நாம் பெயர் வைப்பதில் பாதி வெறும் அசதிதான். நன்றாகத் தூங்கியும் அது போகவில்லை என்றால், யாரும் மதிப்பெண் போடாத ஒரு காரியத்தைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது நடைப்பயிற்சிக்குக்கூடக் கைக்கடிகாரம் காலடிக் கணக்குச் சொல்கிறது, அதையும் நண்பர்களுக்கு அனுப்பிவைக்கிறோம். அலுவலகத்தை விட்டு வந்தாலும் அலுவலகத்தின் பழக்கம் விடுவதில்லை.

கேள்வி: உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது, பேசுகிறீர்கள். பணம் இல்லாதவன் நிறைவுக்கு எங்கே போவான்?

கோபமில்லை, நியாயமான கேள்வி. ஓய்வூதியம் இல்லாதிருந்தால் நான் கல்வெட்டின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

பணம் ஓரளவுக்கு மேல் மகிழ்ச்சி தராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 2010-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்காவில் செய்த ஆய்வைக் காட்டுவார்கள். ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி அதற்கு மேல் ஏறுவதில்லை என்றது அது. ஆனால் 2023-இல் அதே கானமன், தம் முடிவை மறுத்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு சேர்ந்தே கணக்கைத் திரும்பப் பார்த்தார். பெரும்பாலோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது, ஏற்கெனவே துயரத்தில் இருக்கும் சிறுபான்மையினருக்குத்தான் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. தம் முடிவைத் தாமே திருத்த ஒரு நோபல் பரிசுக்காரர் உட்கார்ந்தார் என்பது எனக்கு அந்தக் கணக்கைவிடப் பிடித்திருக்கிறது.

வாடகை கட்ட முடியாதவனிடம் போய்ப் ‘போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்று சொல்வது அநியாயம். வாடகையும் மருத்துவச் செலவும் நிலைத்த பிறகு பேச வேண்டிய பேச்சு இது.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு ஊரில் போய் விவசாயம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா?

ஒரு சித்திரை வெயிலில் பத்து நாள் களை எடுத்துவிட்டு இதே கேள்வியைக் கேளுங்கள். விடுப்பு எடுத்தால் போதும், ராஜினாமா வேண்டாம்.

கேள்வி: தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று ஆறு மாதமாகிறது. என்னை யாரும் தேடுவதில்லை. நான் யார் என்றே தெரியவில்லை.

டீச்சர், எனக்கும் இது நடந்தது. ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், நானே மேலாளராக இருந்த கிளைக்குப் பாஸ்புக் பதியப் போனேன். புதிதாக வந்திருந்த காவலாளி, “பெரியவரே, டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருங்கள்” என்றார். டோக்கன் எண் 43. முக்கால் மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், இத்தனை வருடம் வணக்கம் வாங்கியது என் நாற்காலி என்று உறைத்தது. மனம் தேற ஒரு வருடம் ஆயிற்று. உங்களுக்கு ஆறு மாதம்தானே ஆகிறது? அதுவரை பழைய பள்ளிப் பக்கம் அடிக்கடி போகாதீர்கள்.

கேள்வி: கல்வெட்டு படித்து என்ன கண்டீர்கள்?

காசு எதுவும் இல்லை. முழங்கால் வலி கண்டேன்.

முதல் இரண்டு வருடம், மைப்படி எடுக்கும் ஒரு பெரியவருக்கு வாளி தூக்கினேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்ட வேண்டும். பிறகு துணிப் பந்தில் மை தொட்டு ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பும். படிப்பது அதைவிடப் பாடு. சோழர் காலத்துக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஓர் ஊர்ப் பெயரை ஒரு வாரம் தப்பாகவே படித்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்ததோடு அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். அங்கே குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின் பெயர், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்பது உட்பட அதில் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருத்தியின் வீட்டு எண்ணை விரலால் தடவிப் படித்த அன்று மதியச் சாப்பாடு நினைவுக்கே வரவில்லை.

கேள்வி: உங்கள் வீட்டம்மா என்ன சொல்கிறார்?

வேட்டியில் மைக்கறை போகவில்லை என்கிறார்.