ஒரு மீட்டிங் பிடிக்கலன்னா ஏஏவே வேணாமா?

கேள்வி: வயசு 41, திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர். 15 வருஷக் குடி, டாக்டர். ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி நிறுத்துனேன், அஞ்சு வாரமா தொடல, மாத்திரை ஓடிட்டு இருக்கு. கவுன்சிலர் ஏஏ, அதான் குடியை விட நினைக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், மீட்டிங்குக்குப் போகச் சொன்னாரு. ஒண்ணுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு ரூம், மொத்தமே ஆறு பேரு, ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் அவரு பழைய கதையே சொன்னாரு, கடைசில எல்லாரும் எந்திரிச்சு ப்ரேயர். நமக்கு செட் ஆகாதுன்னு வந்துட்டேன். தெரிஞ்சவங்க பாத்துட்டா மானம் போயிடும்னு பயம் வேற. கண்டிப்பா போகணுமா?

பதில்: அஞ்சு வாரம் தொடாம இருக்கறதுக்கு முதல்ல ஒரு சபாஷ் தம்பி. கண்டிப்புன்னு எதுவும் இல்ல, ஆனா குடிச்சுட்டு இருந்தப்ப ஒரு கடைல சரக்கு சரியில்லன்னா குடியவே விட்டுட்டீங்களா, அடுத்த கடைக்குத்தானே போனீங்க? மீட்டிங்குக்கும் அதே நியாயம்தான்.

ஏஏவுல ஒவ்வொரு குரூப்பும் தன்னைத் தானே நடத்திக்குது. 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல ஒரு ஷேர் புரோக்கரும் ஒரு சர்ஜனும், ரெண்டு பேருமே குடிநோயாளிங்க, சேர்ந்து ஆரம்பிச்சது இது. அப்ப இருந்தே மேல இருந்து உத்தரவு போட ஆள் கிடையாது, ஃபீஸும் கிடையாது, வர்றவங்க போடற காசுலதான் வாடகையும் டீயும். அதனால ஒரு குரூப்ல எல்லாம் ரிட்டயர்டு ஆளுங்களா இருப்பாங்க, இன்னொண்ணுல ஷிஃப்ட் முடிச்சு வர்ற பசங்க, ஒரு எடத்துல ஆளாளுக்கு அஞ்சு நிமிஷம் பேசுவாங்க, இன்னொரு எடத்துல ஒரே ஆள் முழுக் கதையும் சொல்ற மீட்டிங். உங்களுக்கு மாட்டுனது அந்தக் கடைசி வகைதான்னு நினைக்கிறேன், அதுவும் முதல் நாளே.

சர்ச் விஷயத்தை மனசுல இருந்து எடுத்துடுங்க. சாயங்காலத்துல கொறஞ்ச வாடகைக்குக் கெடைக்கற ரூம்ங்கறதாலதான் அங்க நடக்குது, ஏஏ எந்த மதத்தையும் சேந்தது இல்ல, சேர ஒரே தகுதி குடியை நிறுத்தணும்ங்கற ஆசை மட்டும்தான். ப்ரேயர் சொல்ல இஷ்டமில்லன்னா வாயை மூடிட்டு நில்லுங்க, யாரும் வெளில அனுப்ப மாட்டாங்க. அதுவும் ஒத்துவரலன்னா கடவுள் பேச்சே இல்லாம, மனசை எப்படிக் கையாளறதுன்னு பயிற்சி மாதிரி சொல்லித்தர்ற ஸ்மார்ட் ரெகவரின்னு ஒண்ணு இருக்கு. 1994ல அமெரிக்காவுல வந்தது, ஆன்லைன்ல கலந்துக்கலாம், ஆனா இங்கிலீஷ் கொஞ்சம் வேணும்.

இப்ப எப்படித் தேடறதுன்னு பாப்போம். என் கருத்து என்னன்னா மீட்டிங் நல்லதா கெட்டதான்னு பாக்கறதுக்கு முன்னாடி நேரத்தைப் பாருங்க. உங்க ஊர்ல சனிக்கிழமைதான் வாரச் சம்பளம், கம்பெனி ஆளுங்க கைல காசோட டாஸ்மாக் பக்கம் நடக்கற நேரம் அது, நீங்க மாசச் சம்பளமா இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு நடுவுலதான் வீட்டுக்கு வரணும். சனிக்கிழமை சாயங்காலம் எந்த மீட்டிங் இருக்குன்னு முதல்ல தேடுங்க. அப்புறம் வேற வேற நாள்ல இன்னும் அஞ்சாறு போய்ப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவையாவது. அங்க பேசறத வெச்சு எடை போடாதீங்க, முடிஞ்சதும் வெளில டீக்கடைல நிப்பாங்க பாருங்க, அங்க கூட நில்லுங்க. "நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு கை நடுங்குச்சுண்ணே"ன்னு ஒருத்தன் சொன்னா அட்வைஸ் பண்றாங்களா, இல்ல "அப்ப எனக்கு போன் அடிச்சிருக்கலாமேடா"ன்னு கேக்கறாங்களா? ரெண்டாவது மாதிரி ஆளுங்க இருக்கற எடம்தான் உங்க எடம், ஸ்பான்சரும், அதாவது உங்களுக்குத் துணையா நின்னு வழிகாட்டற பழைய மெம்பரும், அங்க இருந்தே கெடைப்பாரு.

தனியாப் போகக் கூச்சமா இருந்தா கவுன்சிலர் கிட்ட ஒரு மெம்பரோட போன்ல பேச வெக்கச் சொல்லுங்க, அவரே கூட்டிட்டுப் போவாரு. இது சும்மா மரியாதைக்குச் சொல்லல. மருத்துவ ஆய்வுங்களைச் சேத்து அலசற காக்ரேன் அமைப்பு 2020ல வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புல, 27 ஆய்வுங்க, பத்தாயிரத்துக்கு மேல ஆளுங்க, சிகிச்சை குடுக்கறவங்களே முறையா ஏஏவோட சேத்து விட்டப்ப, முழுசா குடியை விட்டு இருக்கறதுல மத்த சிகிச்சைங்களுக்கு சமமாவோ அதுக்கு மேலயோ பலன் இருந்துச்சு. சீட்டுல எழுதிக் குடுத்து "போங்க"ன்னு சொல்றது வேற.

மானம் பத்தி. நீங்க டாஸ்மாக் வாசல்ல நின்னத பாத்தவங்க எத்தன பேரு? மீட்டிங்ல உங்கள பாக்கறவரும் அதே வியாதிக்குத்தான் வந்திருப்பாரு, பேரு மட்டும்தான் சொல்லணும், கம்பெனி தெரு எதுவும் கேக்க மாட்டாங்க. அப்பவும் ஒதறுச்சுன்னா குடிநோயாளிங்க மட்டும் உக்கார்ற குளோஸ்டு மீட்டிங்கா பாத்துப் போங்க, இல்லன்னா கோயமுத்தூர் பக்கம் போயிட்டு வாங்க, ஒரு மணி நேரம்தானே. ஜூம்லயும் மீட்டிங் நடக்குது, நைட் ஷிஃப்ட் வாரத்துல அது போதும், ஆனா அதையே பழக்கமாக்கிடாதீங்க, டீக்கடை ஜூம்ல கெடைக்காது.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. சில பழைய மெம்பருங்க "மாத்திரை போட்டா அது சோபர் கிடையாது, குடியை விட்டதா ஆகாது"ம்பாங்க. மெம்பருங்க டாக்டர் வேலை பாக்கக்கூடாதுன்னு ஏஏவோட வெளியீட்டுலயே இருக்கு, உங்க மாத்திரைய நிறுத்தறது உங்க டாக்டர் மட்டும்தான். அது டைசல்ஃபிரமா, அதாவது குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மாத்திரையா இருந்தா, மாத்திரைய விட்டு ரெண்டு வாரம் ஆகற வரைக்கும் குடிச்சா உடம்பு தாங்காது, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. அப்படியே சறுக்கி திரும்ப நாள்கணக்கா குடிச்சுட்டீங்கன்னா வீட்லயே டக்குனு நிறுத்தாதீங்க, ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் ஆள் யாருன்னே தெரியாத கொழப்பம் வரலாம், நேரா ஆஸ்பத்திரி. அங்க சரியானதும் அதே மீட்டிங்குக்குப் போங்க, அங்க சறுக்காதவங்க ரொம்பக் கம்மி.

வீட்ல கல்யாணம் ஆயிருந்தா அவங்களுக்கு அல்-அனான்னு தனியா இருக்கு, குடும்பத்துக்காகவே 1951ல ஆரம்பிச்சது, நீங்க போனாலும் போகலன்னாலும் அவங்க போகலாம். மீட்டிங் எங்கன்னு தெரியலன்னா போதை மீட்புக்கான 14446க்கு அடிங்க, ராத்திரில மனசு தாங்கலன்னா மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசுவாங்க.