நகக்கண்ணில் மரு: பூண்டு வைத்துக் கட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறை. என் 9 வயது மகனின் சுட்டுவிரலில் நகத்தை ஒட்டி ஒரு மரு இருந்தது. அவனுடைய அப்பத்தா மலைப்பூண்டை நசுக்கி இரவு முழுவதும் வைத்துக் கட்டினார். கொப்புளம் எழும்பிப் புண்ணாகி ஆறியது. இப்போது அதைச் சுற்றி வளையம்போல மரு வந்திருக்கிறது. என் கையிலும் இரண்டு உள்ளன. ஏன் இப்படிப் பரவுகிறது? புற்றுநோய் ஆகிவிடுமா?

பதில்: விரலில் வரும் சாதாரண மரு புற்றுநோயாக மாறுவதில்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். மருவுக்குக் காரணமான ஹியூமன் பாப்பிலோமா வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்குபவை 16, 18 ஆகிய வகைகள்; கைகளில் மருவை உண்டாக்குபவை 2, 4, 27, 57 போன்ற வேறு வகைகள்.

இந்த வைரஸ் இரத்தத்தில் கலப்பதில்லை. தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுகிறது. சேதமில்லாத தோல் அதை எளிதில் உள்ளே விடாது என்பதால், சிராய்ப்பு, வெடிப்பு, ஈரத்தில் ஊறிய தோல் ஆகியவற்றின் வழியாகவே அது நுழைகிறது. குளிரில் வெடித்த விரல்களோடு ஈர மண்ணில் பூண்டு பிடுங்கி, நகக்கண்ணில் சருகு குத்தக் குத்தப் பல் பிரிக்கும் கைகளில் இத்தகைய வழிகளுக்குக் குறைவே இல்லை. மகன் நகம் கடிக்கிறானா என்று கவனியுங்கள். கடித்தால் மற்ற விரல்களுக்கும் உதட்டுக்கும் பரவும். வைரஸ் நுழைந்தபின் மரு கண்ணுக்குத் தெரியப் பெரும்பாலும் 2 முதல் 6 மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும் என்பதால், யாரிடமிருந்து தொற்றியது என்று தேடிப் பள்ளித் தோழர்களைக் குறைசொல்ல வேண்டாம். பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவும் வேண்டாம்.

பச்சைப் பூண்டின் சாறு நெடுநேரம் பட்டால் தோலைச் சுட்டுவிடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் மலைப்பூண்டின் காரத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொப்புளம் நடுவிலிருந்த மருவை அழித்திருந்தாலும், ஓரத்தில் உரிந்த தோலில் வைரஸ் புதிதாக இடம்பிடித்துவிட்டது. வளையமாக வந்ததற்கு அதுவே காரணம். எருக்கம்பால், சுண்ணாம்பு, பிளேடால் சீவுவது எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. ஆனால் அப்பத்தாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 2 ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுவதால், அந்தச் சமயத்தில் எந்தக் கைவைத்தியம் செய்திருந்தாலும் அதுவே குணமாக்கியது என்ற நம்பிக்கை ஏற்படுவது இயல்புதான்.

மருவுக்குள் தெரியும் கரும்புள்ளிகள் வேர் அல்ல, உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள், ஊசியால் நோண்டாதீர்கள். உங்கள் மருவுக்கு 17 சதவீத சாலிசிலிக் அமில மருந்து போதும். இரவில் விரலை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, மேலே தடித்த தோலை மெல்லத் தேய்த்தெடுத்து, சுற்றிலும் வாசலின் தடவியபின் மருவின்மேல் மட்டும் மருந்தை இடுங்கள். 12 வாரங்கள் வரை விடாமல் இட வேண்டும். தேய்க்கும் அட்டையையும் துண்டையும் பிறர் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம், முகத்திலும் இடக்கூடாது.

மகனுக்கு நீங்களாக எதையும் தடவாதீர்கள். நகத்தை ஒட்டிய மரு நகம் வளரும் இடத்தைப் பாதிக்கக்கூடும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பிளாஸ்டர் ஒட்டி வைத்தால் அவனும் கடிக்க மாட்டான், மற்றவர்கள்மீதும் படாது.