கிரேக்கத் தீவுகளில் ஃபெர்ரி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அக்கா, ஜூலை கடைசியில் நானும் மனைவியும் போகிறோம். ஒன்பது நாளில் ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி, கோர்ஃபு. எல்லாமே ஃபெர்ரியில் முடியுமா?

கோர்ஃபுவை அடித்துவிடுங்கள் தம்பி. அது நாட்டின் மேற்கே, அயோனியன் கடலில் இருக்கிறது. மற்ற இரண்டு தீவுகளும் கிழக்கே ஏஜியன் கடலில், சிக்ளாடீஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நடுவில் கிரேக்க நிலப்பரப்பே கிடக்கிறது, நேர் ஃபெர்ரி கிடையாது. கோர்ஃபு போகிறவர்கள் இகுமெனிட்சா என்ற மேற்குக்கரைத் துறைமுகத்துக்குப் போய்த்தான் கப்பல் ஏறுவார்கள்.

எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் பக்கத்தில் தெரிவதால் போய்விடலாம் என்று அர்த்தமில்லை. கப்பல்கள் பெரும்பாலும் ஒரு கூட்டத்துக்குள்தான் தீவு தீவாகச் சுற்றும். ஒன்பது நாளுக்கு ஒரு கூட்டம் போதும். கோர்ஃபுவுக்குப் பதில் நக்சோஸையோ பாரோஸையோ சேருங்கள். இரண்டும் சாண்டோரினி போகிற வழியிலேயே இருக்கின்றன, செலவும் குறைவு.

ஏதென்ஸிலிருந்து சாண்டோரினிக்கு அதிவேகக் கப்பலா, பெரிய கப்பலா? ஐந்து மணிநேரம் எங்கே, எட்டு மணிநேரம் எங்கே!

நான் பெரிய கப்பல் கட்சி. அதிவேகக் கப்பல்களில் பல, விமானம்போல அடைத்த கூடம்தான். வெளியே நின்று காற்று வாங்க இடம் இருக்காது. அலை எழும்பினால் உள்ளே உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் விலையும் பல நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு. பெரிய கப்பலில் டெக் டிக்கெட் எடுத்தாலே போதும், நாள் முழுக்க மேல்தளத்தில் உட்காரலாம். வழியில் பாரோஸ், நக்சோஸ் துறைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். சாண்டோரினியை நெருங்கும்போது இடப்பக்கம் போய் நில்லுங்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்துக்குள்தான் கப்பல் நுழைகிறது. செங்குத்துப் பாறை உச்சியில் இயா ஊர் வெள்ளையாகத் தெரியும். இந்தக் காட்சிக்காகத் தனியே படகுச் சுற்றுலா விற்கிறார்கள், உங்களுக்கு டிக்கெட்டிலேயே கிடைத்துவிடும்.

ஒன்று: கால அட்டவணையில் சாண்டோரினி என்று தேடிக் கிடைக்காவிட்டால் அதன் இன்னொரு பெயரான தீரா என்று பாருங்கள்.

ஆகஸ்ட் மாதம் மழையே இல்லையாமே, அப்புறம் ஏன் கப்பலை ரத்து செய்கிறார்கள்?

மழை இல்லை, காற்று இருக்கிறது. கோடையில் பால்கன் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்தும் துருக்கிப் பக்கம் தாழ்ந்தும் நிற்பதால், வடக்கிலிருந்து ஏஜியன் முழுக்க ஒரு காற்று அடிக்கும். மெல்டெமி என்பார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் உச்சம். பிடித்தால் சில நாள் விடாது. வானம் துளி மேகமில்லாமல் நீலமாக இருக்கும், துறைமுகத்தில் கப்பல் கட்டிக்கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று சண்டைக்குப் போவார்கள். ஆனால் தடை போடுவது கம்பெனி அல்ல, கடலோரக் காவல் துறை. காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் காற்று எவ்வளவு என்று பார்த்து, கப்பலின் வகைக்கேற்ப நிறுத்துவார்கள். சிறிய, அதிவேகக் கப்பல்கள் முதலில் நிற்கும். பெரியவை இன்னும் கொஞ்சம் தாங்கும், அந்த அளவில் 8 என்றால் அவையும் நிற்கலாம்.

இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2000 செப்டம்பர் 26 இரவு, எக்ஸ்பிரஸ் சமீனா என்ற ஃபெர்ரி பாரோஸ் துறையை நெருங்கும்போது பாறைத் தீவில் மோதி மூழ்கியது. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கப்பல் ரத்தானால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது அடுத்த கப்பலில் இடம் கேட்கலாம். ஆனால் காரணம் வானிலை என்றால் ஹோட்டல் செலவு உங்கள் தலையில்தான். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள். விமான நாளன்றே காலையில் தீவிலிருந்து கிளம்பி மாலை விமானம் பிடிப்பேன் என்பவர்களுக்கு நான் திட்டம் போட்டுத் தருவதில்லை.

மேடம், ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து நேரே துறைமுகம் போக வேண்டும். பிரேயஸா, ரஃபினாவா?

எந்தத் தீவு என்று சொல்லவில்லையே! மிக்கோனோஸ், டினோஸ், ஆண்ட்ரோஸ் என்றால் ரஃபினா நல்லது. விமான நிலையத்துக்குப் பக்கம், பேருந்து உண்டு, சிறிய துறைமுகம், குழப்பமில்லை. மற்றபடி பெரும்பாலும் பிரேயஸ்தான். 2022 அக்டோபரிலிருந்து விமான நிலையத்திலிருந்தே ஒரே மெட்ரோவில் அங்கே இறங்கலாம், சுமார் ஒரு மணிநேரம். பிரேயஸ் பெரிய துறைமுகம். வாயில்களுக்கு இ1, இ2 என்று எண் போட்டிருப்பார்கள். சிக்ளாடீஸ் கப்பல்கள் பல நிற்கும் இ7 மெட்ரோவுக்கு எதிரிலேயே. ரோட்ஸ், கோஸ் பக்கம் போகிறவை நிற்கும் இ1 வெகு தூரம். பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் நடக்காதீர்கள், உள்ளே இலவசப் பேருந்து ஓடுகிறது. வாயில் எண்ணை முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள், மாறக்கூடும்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சமாளிப்பாரா?

பயணத்தைவிட இறங்குவதுதான் அவருக்குச் சிரமம். நடுவழித் தீவுகளில் கப்பல் பின்பக்கமாகக் கரையைத் தொட்டு, சில நிமிடம்தான் நிற்கும். ஊர் பெயரை அறிவித்ததும் எல்லோரும் கீழே வண்டிகள் நிற்கும் தளத்துக்கு இறங்கிக் காத்திருப்பார்கள். பெரிய கப்பல்களில் எஸ்கலேட்டரோ லிஃப்டோ இருக்கும். கூட்டம் சேர்வதற்கு முன்பே அம்மாவை அழைத்துப் போங்கள். பெட்டிகளைக் கீழ்த்தளத்திலேயே, உங்கள் தீவின் பெயர் எழுதிய தட்டில் வைத்துவிடலாம். பாஸ்போர்ட், மருந்து, பணம் மட்டும் கையோடு இருக்கட்டும்.

குழந்தைக்கு மூன்று வயது. டிக்கெட் வேண்டுமா?

வேண்டும். பொதுவாக ஐந்து வயதுவரை கட்டணம் இல்லை, ஆனால் பெயர் போட்ட டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

வாடகைக் காரை ஃபெர்ரியில் ஏற்றலாமா?

பல கம்பெனிகள் எழுத்து மூலம் அனுமதி கேட்கும், இல்லாவிட்டால் காப்பீடு செல்லாது. கார் டிக்கெட்டும் விலை அதிகம். அந்தந்தத் தீவில் எடுத்துத் திருப்பிக் கொடுப்பதே மேல்.

கோஸ் தீவிலிருந்து துருக்கி போட்ரம் ஒரு மணிநேரம்கூட இல்லையாம். காலையில் போய் மாலையில் வந்துவிடலாமா? இந்தியப் பாஸ்போர்ட்.

படகு உண்டு, தூரமும் குறைவுதான். ஆனால் உங்கள் ஷெங்கன் விசா (கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஒருமுறை நுழைவு மட்டும் என்றால் போகவே போகாதீர்கள். துறையில் நீங்கள் வெளியேறியது பதிவானதும் அது முடிந்தது, மாலையில் கோஸுக்குள் விடமாட்டார்கள். பலமுறை நுழைவு விசாவா என்று முதலில் பாருங்கள். துருக்கி விசா அதன்பிறகு தனி வேலை.