இரண்டு இட்லிதான் சாப்பிடுகிறேன், எடை ஏன் இறங்க மறுக்கிறது?

கேள்வி: எனக்கு 42 வயது, மதுரை அனுப்பானடியில் இருக்கிறேன். ஐந்து இட்லியை இரண்டாக்கி, ராத்திரிச் சோற்றை நிறுத்தி, தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து மூன்று மாதத்தில் 81 கிலோவிலிருந்து 74-க்கு வந்தேன். அப்புறம் இரண்டு மாதமாக முள் அசையவில்லை. "ஒளிச்சு வச்சுத் திங்கிறியா?" என்று மாமியார் கேட்கிறார். காலைச் சாப்பாட்டையும் விட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம்மா, விட்டுவிடாதீர்கள். இந்தப் பதிலை மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஏழு கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் எப்படி மூச்சு வாங்கும்? அந்தச் சுமையோடுதான் முன்பு தெப்பக்குளத்தைச் சுற்றினீர்கள். இப்போது சுமை இறங்கிவிட்டது, அதே நடைக்கு உடம்பின் சக்திச் செலவும் குறைந்துவிட்டது. இது ஒரு பாதிதான். நம் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் கண்டுபிடித்தது இது. கொழுப்பு கரைந்தால் லெப்டினும் குறையும். மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் அதைப் பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். தாது வருஷப் பஞ்சம் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் டயட் இருப்பதும் அப்படிப் பட்டினி கிடப்பதும் உடம்புக்கு ஒன்றுதான். உடனே செலவைச் சுருக்குகிறது, வயிற்றில் கிரெலின் என்ற பசி ஹார்மோனின் சுரப்பைக் கூட்டிப் பசியைக் கிளப்புகிறது. காயப்போட்ட துணியை எடுக்க முன்பு நீங்களே மொட்டை மாடிக்கு ஏறியிருப்பீர்கள். இப்போது உங்களை அறியாமலே பிள்ளையை அனுப்புவீர்கள்.

1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எடை கால்வாசி போனது. இதயத் துடிப்பு மெதுவானது, எப்போதும் குளிரெடுத்தது, சிலர் சமையல் குறிப்பு சேகரிக்க ஆரம்பித்தார்கள்! ஆரோக்கியமான வாலிபர்கள் அவர்கள். பசி இப்படிப் பிடுங்குவதை மனஉறுதிக் குறை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பசி கூடும்போது அளவும் தெரியாமல் ஏறும்: பிள்ளை மிச்சம் வைத்த தோசை, தாளிக்கும்போது சாய்த்து ஊற்றிய எண்ணெய். ஒரு வாரம் மட்டும் எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றிப் பாருங்கள்.

காலையில் இரண்டு இட்லி போதும், கூடவே ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள். புரதம் இல்லாமல் பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும். தசை போனால் செலவு இன்னும் சுருங்கும். ஸ்டூலில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. ராத்திரி ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். இரண்டு மாதம் 74-லேயே நின்றாலும் பரவாயில்லை. ஆரம்ப எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கும். நீங்கள் 8 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது, மாதவிடாய் முன்னே பின்னே ஆகிறது என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லி தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.