சைக்கிள் செயினுக்கு எந்த எண்ணெய்? கேட்டவைக்குப் பதில்கள்

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது அண்ணா. அதையே விடலாமா?

கடை பூட்டியிருந்தால் ஒரு நாள் சத்தத்தை அடக்கலாம், அவ்வளவுதான். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் நாளாக நாளாகப் பிசுபிசுத்துச் செயினை ஒட்டவைக்கும். தேங்காய் எண்ணெய் ஊட்டிக் குளிரில் உறைந்தே போகும். தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தேன். சத்தம் போனது, சில நாளில் திரும்பிவிட்டது. ஏன்?

அது 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. துருப்பிடித்த நட்டை இளக்கவும் உதவும். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுகிற படலம் செயினின் இழுவைக்குத் தாங்காது. துருவை இளக்க அடியுங்கள், துடையுங்கள், நன்றாகக் காய்ந்தபின் செயின் ஆயில் விடுங்கள்.

எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இரண்டே நாளில் செயின் கறுத்துவிடுகிறது. நல்ல பிராண்டு சொல்லுங்கள்.

பிராண்டு மாற்றிப் பயனில்லை, எண்ணெய் கூடிப்போயிருக்கிறது. செயின் தேய்வது உள்ளே, கண்ணிகளை இணைக்கும் சிறு கம்பியான ‘பின்’னும் அதைச் சுற்றிய தகடும் உரசும் இடத்தில். வெளியே வழிகிற எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும். அந்த மண் எண்ணெயோடு கலந்து உள்ளே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

முதலில் மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் அழுக்கை எடுத்துக் காயவிடுங்கள். பெடலைப் பின்னால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ரோலர் (தகடுகளுக்கு நடுவே இருக்கும் சிறு உருளை) மேலும் ஒரு சொட்டு விடுங்கள். இன்னும் சில சுற்று சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்து, விரலில் பிசுக்கு ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தத் துடைப்பைத்தான்.

சென்னை ஈசிஆரில் ஓட்டுகிறேன். வெட் லூப் (ஈரத்துக்கான செயின் ஆயில்) வாங்குவதா, டிரை லூபா (காய்ந்த சாலைக்கானது)?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் ஓட்டினால் வெட். கெட்டியாக இருப்பதால் தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாது. மற்ற மாதங்களில் அந்த மணலுக்கும் புழுதிக்கும் டிரைதான் சரி. அதை முந்தின இரவே விட்டுக் காயவிட வேண்டும். காலையில் விட்டுவிட்டு உடனே கிளம்பினால் வீண். மழையில் ஒருமுறை நனைந்தாலே மறுபடி விட வேண்டும்.

பைக்கில் வடித்த பழைய இன்ஜின் ஆயில்?

வேண்டவே வேண்டாம். கரியும் உலோகத்தூளும் கலந்தது, தோலுக்கும் கெடுதல். முழு செயின் கவர் போட்ட பழைய கறுப்பு வண்டிக்குப் புது இன்ஜின் ஆயில் சில சொட்டு விடலாம், தப்பில்லை.

எண்ணெய் விட்டும் செயின் பல்லில் வழுக்குகிறது.

செயின் தேய்ந்து நீண்டிருக்கும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் புதுச் செயின். இன்னும் இழுத்தடித்தால் பின் சக்கரப் பல்லும் சேர்ந்து போய்விடும், செலவு கூடும்.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு ஸ்ப்ரே அடிக்கலாமா சார்?

சொட்டு பாட்டிலே வாங்குங்கள். ஸ்ப்ரே டிஸ்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.