உடை மரமும் கருவேலும்: கேட்டவர்களுக்குச் சொன்னது

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்கள் மனைக்குப் பின்னால் குடை விரித்தது போல ஒரு முள்மரம். கருவேல் என்கிறார் அப்பா, உடை என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா. எது சரி?

குடை என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே தம்பி, உடைதான். சந்தேகம் இருந்தால் ஒரு கிளையை வளைத்து முள்ளைப் பாருங்கள். ஒரே கிளையில் ரெண்டு ரகம் இருக்கும்: ஊசி போல நீண்ட வெள்ளை முள், பக்கத்திலேயே கொக்கி போல வளைந்த குட்டி முள். நேர்முள்ளுக்குப் பயந்து கையை இழுத்தால் கொக்கி சட்டையைப் பிடித்துக்கொள்ளும். கருவேலில் நேர்முள் மட்டும்தான். பூ இரண்டுக்கும் பஞ்சு உருண்டை. உடைக்கு வெள்ளை, கருவேலுக்கு மஞ்சள்.

கீழக்கரை: காயை வைத்துப் பிரிக்க முடியுமா?

முடியும். கருவேலங்காய் மணி கோத்த மாலை மாதிரி, விதைக்கு விதை இடுப்பு ஒடுங்கும். உடங்காய் தடித்து உருண்டு, உடைந்த வளையல் துண்டு போல வளைந்திருக்கும். ஆடு இரண்டையும் விடாது.

முதுகுளத்தூர்: எங்கள் கண்மாயில் கருவேல் நிறைய, உடை ஒன்றுகூட இல்லையே?

கருவேல் தண்ணீரில் கால் நனைத்தபடி நாள்கணக்கில் நிற்கும். உங்கள் பக்கத்துச் சித்திரங்குடி சரணாலயத்தில் (ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது) கொக்கும் நாரையும் அடைவது கருவேலில்தான். உடைக்கு மணலும் வறட்சியும் போதும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் அதற்குச் சொந்த ஊர் கிடையாது.

பரமக்குடி: இந்த மரங்களின் தாவரவியல் பெயர் அக்கேசியா என்று படித்தோம். இப்போது வாச்செல்லியா என்கிறார்களே?

2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர்கள் அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். உடை வாச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ், கருவேல் வாச்செல்லியா நிலோட்டிகா என்று ஆனது. எனக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. மரத்துக்கு ஒன்றுமில்லை.

ஏர்வாடி: சீமைக்கருவேல் வெட்ட வந்தவர்கள் எங்கள் உடையையும் சாய்த்துவிட்டார்கள். மூன்றும் ஒரே சாதிதானாம், உண்மையா?

இல்லை அக்கா. உடையும் கருவேலும் கூடப்பிறந்தவை. சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பெயரில் மட்டும்தான் கருவேல். அதன் பூ உருண்டை இல்லை, கம்பளிப்பூச்சி போல நீண்ட கதிர். பூக்காத காலத்தில் அவசரப்பட்டால் ஏமாறுவோம். நானே ஒரு உடைக்கன்றை அப்படி வெட்டியிருக்கிறேன். மிச்சமிருக்கும் உடை மரங்களின் அடித்தூரில் இப்போதே சுண்ணாம்பு பூசிவிடுங்கள். அடுத்த முறை ஜேசிபி வரும்போது ஓட்டுநரிடம், வெள்ளை பூசியதைத் தொடாதே என்று சொன்னால் போதும்.